ஃபார்மேட் போடச் சொல்வதற்கு முன்னால்



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் தூத்துக்குடி மாவட்டத்துப் பெண்களுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணிக் கரையில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர், பாத்திரம் பண்டத்தோடு குழுக்களின் பதிவேடுகளையும் நனைத்துவிட்டுப் போனது. தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் ஒட்டிக் கூழாகிவிட்டன. வெயிலில் காயப்போட்டுப் பார்த்தோம். மை பரவி, யார் எவ்வளவு கட்டினார் என்பதே தெரியவில்லை.

அந்தப் பகுதியில் ஓர் ஊக்குநர் நான்கு குழுக்களின் கணக்கையும் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். குழுவில் உள்கடன் வாங்கி, பழைய டெஸ்க்டாப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியவர் அவர். மனு டைப் அடிப்பது, ஆன்லைன் விண்ணப்பம் போடுவது என்று அதில்தான் தவணையும் கட்டிவந்தார். தண்ணீர் ஏறிய இரவில் திரையை விட்டுவிட்டு, சி.பி.யு. பெட்டியை மட்டும் பரணில் தூக்கி வைத்திருக்கிறார். நகையை எடுக்கவில்லையா என்று பிறகு கேட்டதற்கு, "நகை அடகுலல்லா மேடம் இருக்கு" என்றார்.

வீட்டைக் கழுவி, வயரிங் மாற்றி, கடன் வாங்கிய ஒரு திரையோடு பெட்டியை மறுபடி மாட்டியபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது. எனக்குப் போன் வந்தது. "மேடம், விண்டோஸ்னு எழுத்து வருது, நீலமா என்னமோ மின்னுது, அணைஞ்சு போய் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்குது. காலையிலேருந்து இதேதான்." டவுனில் உள்ள சர்வீஸ் கடையில் போனிலேயே சொல்லிவிட்டார்களாம்: விண்டோஸ் போயிருக்கும், கொண்டுவாங்க, ஃபார்மேட் போட்டுரலாம். பெட்டி ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டது.

"இறக்குங்கக்கா" என்றேன்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டி பார்க்கிறவருக்கு ஃபார்மேட் என்பது சீக்கிரம் முடிகிற வேலை. உள்ளே நான்கு குழுக்களின் பணம் எழுதியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். ஃபார்மேட் போட்டு அதன்மேல் புதிதாக விண்டோஸ் ஏற்றினால், பழைய பேரேட்டின் மேலேயே புதுக் கணக்கு எழுதின மாதிரி. அடியில் இருந்ததைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. பல சமயம் முடியவே முடியாது. ஒரு தடவை எங்கள் அலுவலகப் பெட்டிக்கு நானே "சரி, போடுங்க" என்று சொல்லி, இரண்டு வருடப் பயிற்சி அறிக்கைகளைத் தொலைத்தேன். படித்தது சமூகப்பணி, கம்ப்யூட்டர் பாடம் எனக்கு இப்படி நஷ்டத்தில்தான் வந்தது.

சரி, பெட்டி ஏன் ஆரம்பத்திலேயே விழுகிறது? இதற்கு ஒரே பதில் கிடையாது. எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும். நம் குழுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாரும் வந்து உட்கார வேண்டும். பிறகு வருகைப்பதிவு. அதன்பின் பெட்டியைத் திறந்து பேரேட்டை எடுக்கிறோம். அப்புறம்தான் வரவு செலவு. கம்ப்யூட்டரும் அப்படித்தான். சுவிட்சைப் போட்டதும் எஸ்.எம்.பி.எஸ். என்கிற பகுதி 230 வோல்ட் கரண்டை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்து எல்லாருக்கும் பங்கு வைக்கிறது. அடுத்து, மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற சிறு புரோகிராம் வருகைப்பதிவு எடுக்கிறது: ரேம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, ஹார்டு டிஸ்க் இருக்கிறதா? எல்லாம் சரி என்றால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து விண்டோஸைக் கூப்பிடுகிறது. நம் கணக்குகள் இருப்பதும் அந்த ஹார்டு டிஸ்க்கில்தான்.

விளக்கே எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை என்றால் பிளக், பவர் கார்டு, பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றில் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கும். பிள்ளைகள் அதைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 115-இல் வைத்து நம் ஊர்க் கரண்டைக் கொடுத்தால் வெடித்துப் போகும். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவு கரண்ட் தங்கியிருக்கும். இந்தக் கோளாறுக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை. எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் கணக்கு அப்படியே இருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை, பீப் பீப் என்று கத்துகிறது என்றால் பெரும்பாலும் ரேம். நம் கடற்கரைக் காற்றில் ரேமின் தங்க நிற முனைகளில் பாசி மாதிரி படிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வெளியேற்றி, பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறக்கலாம். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்த முனையை மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை திரும்பச் செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

ஆன் ஆகி ஐந்து, பத்து நிமிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தால் சூடு. பிராசஸர் மேல் உள்ள ஃபேனில் தூசி அடைத்திருக்கும். திறந்திருக்கும்போதே மதர்போர்டில் நிற்கும் சின்னச் சின்ன உருளைகளையும் பாருங்கள். கெப்பாசிட்டர் என்பார்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தால் போர்டு கடைசிக் காலத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 2000-க்குப் பிந்தைய சில வருடங்களில் வந்த பெட்டிகளில் இது நிறைய.

கறுப்புத் திரையில் 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' அல்லது 'பூட் மேனேஜர் மிஸ்ஸிங்' என்று வந்தால், பயப்படுவதற்கு முன் யாராவது பென்டிரைவைச் செருகியபடி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விண்டோஸை ஹார்டு டிஸ்க்கில் தேடாமல் பென்டிரைவில் தேடிக்கொண்டிருக்கும். சிரிக்காதீர்கள், இதற்காக ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனவர்கள் உண்டு.

ஒரு சத்தத்தை மட்டும் மறக்காதீர்கள். பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே தாளத்தில் கேட்டால் அது ஹார்டு டிஸ்க்கின் மரண ஓலம். உடனே அணைத்துவிடுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று போடப்போட, எடுக்க முடிந்த கணக்கும் எடுக்க முடியாமல் போகும்.

இனி அந்த ஊக்குநர் வீட்டுக்கு வருவோம். டிக் சத்தம் இல்லை. பீப் இல்லை. பெட்டி தண்ணீரில் முழுகவும் இல்லை. (முழுகின பெட்டி என்றால் ஆன் பண்ணிப் பார்க்கவே கூடாது. ஹார்டு டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.) நீலத் திரை கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுவதால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியவில்லை. அவருடையது விண்டோஸ் 7. அதில் ஆரம்பத்திலேயே எஃப்8 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 'சேஃப் மோட்' முயற்சி செய்தோம், அதிலும் விழுந்தது. பிறகு 'டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்' என்று ஆரம்பிக்கும் வரியைத் தேர்ந்தெடுத்ததும் நீலத் திரை நின்றது. போனில் படம் எடுத்துக்கொண்டோம். எண் 7பி என்று முடிந்தது. விண்டோஸுக்குத் தான் குடியிருக்கும் ஹார்டு டிஸ்க்கையே அணுக முடியவில்லை என்று இதற்குப் பொருள்.

இந்த எண் வந்தால் ஹார்டு டிஸ்க் கெட்டிருக்கலாம், வைரஸாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அவர் மகள் ஒன்று சொன்னாள்: "ஆன் பண்ணினதும் எஃப்1 அமுக்குன்னு வருது அத்தை. முன்னே வராது." அங்கேதான் நூல் கிடைத்தது. டெலீட் பொத்தானை அழுத்திப் பயாஸுக்குள் போனோம். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சி.ஆர்.2032, மூன்று வோல்ட். பிளக்கில் கரண்ட் இல்லாதபோது தேதியையும் சில அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. தினமும் பிளக்கில் இருந்தவரை அந்தப் பேட்டரி வலுவிழந்தது யாருக்கும் தெரியவில்லை. ஐந்து வாரம் பரணில் கிடந்ததும் மிச்ச உயிரும் போய், பயாஸ் எல்லாவற்றையும் மறந்து கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிட்டது. அப்படி மறந்ததில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பது. 'சாட்டா மோட்' என்ற தலைப்பில் ஐ.டி.இ., ஏ.எச்.சி.ஐ. என்று இரண்டு முறை இருந்தன. விண்டோஸ் 7 ஏற்றியபோது எந்த முறையில் இருந்ததோ அதே முறையில் கூப்பிட்டால்தான் எழுந்திருக்கும். முறை மாறினால் இந்த நீலத் திரைதான்.

இருந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஐ.டி.இ. என்றிருந்ததை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினோம். ரெய்டு என்று மூன்றாவது ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். புது பேட்டரி பக்கத்து வாட்ச் கடையில் 40 ரூபாய். தேதியைச் சரிசெய்து, சேமித்து வெளியே வந்தோம். விண்டோஸ் எழுத்து வந்தது. நீலம் வரவில்லை. வால்பேப்பரில் இருந்த திருச்செந்தூர் கோபுரம் வந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முதல் வேலையாக எக்செல் ஃபைல்களை இரண்டு பென்டிரைவில் ஏற்றினோம். பிறகு அச்சடித்து, வங்கிப் பாஸ் புத்தகத்தோடு நான்கு குழுவும் ஒத்துப் பார்த்தன. டிசம்பர் முதல் இரண்டு வாரச் சந்தா மட்டும் ஏற்றப்படாமல் இருந்தது. அதை உறுப்பினர்களின் தனிப் பாஸ் புத்தகங்களையும் ஞாபகத்தையும் வைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஒரு குழுவில் கொஞ்சம் சத்தமும் வந்தது. முழுக் கணக்கும் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கோளாறும் இப்படி 40 ரூபாயில் தீராது. விண்டோஸ் உண்மையிலேயே கெட்டுப்போய் ஃபார்மேட்தான் வழி என்றும் ஆகலாம். அப்போதும் கணக்கை முதலில் வெளியே எடுக்கலாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. வயர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் பென்டிரைவ் மாதிரித் தெரியும். அல்லது பென்டிரைவிலிருந்தே ஓடுகிற உபுண்டு போன்ற லினக்ஸைப் போட்டு, ஹார்டு டிஸ்க்கில் எதையும் ஏற்றாமல் ஃபைல்களை மட்டும் நகல் எடுக்கலாம். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "டேட்டாவை முதல்ல எடுத்துக் குடுங்க. நான் திறந்து பார்த்த பிறகு ஃபார்மேட் போடுங்க." கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கொடுங்கள். "சி டிரைவ் மட்டும்தாம்மா போகும்" என்று சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமெண்ட்ஸிலும் நாம் வைப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த சி டிரைவில்தான் இருக்கிறது. டி டிரைவில் வைத்தாலும் அதே ஹார்டு டிஸ்க்தான். ஒரே பீரோவின் அடுத்த தட்டு.

2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த அரசு மடிக்கணினி சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது ஆன் ஆகாவிட்டால், கழற்ற வருகிற பேட்டரி என்றால் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் போட்டுப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மறுபடி மாட்டவே வேண்டாம். விண்டோஸ் 10 உள்ள பெட்டிகளில் எஃப்8 சாதாரணமாக வேலை செய்யாது. இரண்டு மூன்று தடவை ஆரம்பத்திலேயே விழுந்தால் பழுது பார்க்கும் திரை தானாக வரும்.

இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. பழைய பெட்டியில் கணக்கு எழுதுங்கள், டைப் அடியுங்கள். வங்கிப் பாஸ்வேர்டை மட்டும் அதில் போடாதீர்கள்.

அந்த நான்கு குழுக்களும் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. பணப்பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம் இருப்பது போல, கூட்டம் முடிந்ததும் கணக்கை இரண்டு பென்டிரைவில் ஏற்றி, ஒன்றை ஊக்குநரும் மற்றதை வேறு தெருவில் இருக்கும் பிரதிநிதியும் வைத்துக்கொள்கிறார்கள். மாதம் ஒரு தடவை வேறு கம்ப்யூட்டரில் செருகி, ஃபைல் திறக்கிறதா என்று பார்க்கிறார்கள். போன மாதம் பார்த்தபோது ஒன்றில் கணக்கைக் காணவில்லை. முழுக்கச் சினிமாப் பாட்டு இருந்தது. பிரதிநிதியின் மகனுக்கு இப்போது வேறு பென்டிரைவ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.