சீராகத் துடிக்காத நல்ல இதயம்

அன்புள்ள கயல்விழிக்கு,

மூச்சை இழுக்கும்போது நாடி விரைகிறது, விடும்போது தளர்கிறது, இது கோளாறா என்று கேட்டிருந்தாய். இல்லை, உன் வயதில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847இலேயே, சுழலும் உருளையில் இரத்த அழுத்தத்தைக் கோடாக வரையும் கருவியைக் கொண்டு இந்த மாறுதலைப் பதிவு செய்துவிட்டார். இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 துடிப்புகள் எழும். ஓய்வில் உனக்கு 70 என்றால், மூளைத்தண்டிலிருந்து வரும் வேகஸ் நரம்பு அதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். மூச்சை உள்ளே இழுக்கவைக்கும் நரம்பணுக்கள் அதே மூளைத்தண்டில் இருந்துகொண்டு அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. மூச்சு வெளியேறும்போது பிடி மீண்டும் இறுகுகிறது. வேகஸின் கட்டளை ஓரிரு துடிப்புக்குள் பலித்துவிடும். துடிப்பை விரைவுபடுத்தும் சிம்பதெடிக் நரம்புகளுக்கோ சில நொடிகள் ஆகும். மூச்சுக்கு மூச்சு நாடியை மாற்ற அவற்றால் ஆகாது.

இதயம் தானாகத்தானே துடிக்கிறது, மூச்சுக்கு அதில் என்ன வேலை என்று நீ மடக்கலாம். மாற்று இதயம் பொருத்தியவர்களைப் பார். நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் அந்த இதயம் துடிக்கிறது. ஆனால் ஓய்விலும் விரைவாக, ஏறக்குறைய ஒரே சீராக. அட்ரோபின் மருந்தால் வேகஸின் விளைவைத் தடுத்தாலும் இதே கதைதான். ஆகவே துடிப்பைத் தொடங்குவது மூச்சல்ல. அதன் வேகத்தை ஏற்றி இறக்குவதில்தான் மூச்சுக்குப் பங்கு. இரண்டும் வேறேதோ ஒன்றுக்குக் கட்டுப்பட்டுச் சேர்ந்து ஆடுகின்றனவோ என்ற ஐயம் இன்னும் கூர்மையானது. அதற்கும் விடை உண்டு: மூச்சின் வேகத்தை நீயாக மாற்றினால் நாடியின் ஏற்ற இறக்கமும் கூடவே மாறுகிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவில் அது மிகப் பெரிதாகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணரிகள் இரத்த அழுத்தத்தைத் திருத்தும் சுற்றுக்கு ஏறத்தாழ 10 நொடி பிடிக்கிறது. ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல, 10 நொடிக்கு ஒரு மூச்சு அந்தச் சுற்றோடு பொருந்திக்கொள்கிறது. இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு இதே 6க்கு இறங்கியது. அங்கே வேலை செய்தது மந்திரத்தின் பொருளைவிட அதன் நீளம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்தர்கள் கோபிக்க வேண்டியதில்லை, நீளத்தைத் தேர்ந்தவர்களும் அவர்களே.

அப்படியானால் மூச்சுப் பயிற்சியே இதய நோய்க்கு மருந்தா? இந்தத் தாவலை நான் ஏற்கமாட்டேன். மெதுவாக மூச்சுவிட்டால் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் துடிப்பு மாறுபாட்டு எண் அந்த நிமிடமே உயரும். இதயம் வலுப்பெற்றுவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. வயது கூடக் கூட இந்த ஏற்ற இறக்கம் தானாகவே குறையும், அதுவும் நோயல்ல. மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வேறு வகை. அங்கே நாடி மூச்சோடு இசைவதில்லை, ஆழ்ந்த மூச்சு அதைச் சீர்செய்யும் என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்து. மூச்சுக்குத் தொடர்பில்லாமல் நாடி தடுமாறினாலோ, கூடவே மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் போய் இசிஜி எடுத்துக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா