மோர்ஃபினும் மலச்சிக்கலும்

ஜெலாப்பாங்கிலோ ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களிலோ, புற்றுநோய் வலிக்கு மோர்ஃபின் குடிக்கும் முதியவர் வீட்டில் இருந்தால், சில நாளிலேயே ஒரு தொல்லை தொடங்கும். வலி குறைந்திருக்கும், ஆனால் மலம் கழியாது. அந்த அவதி தாங்காமல் சிலர் மோர்ஃபினையே நிறுத்திவிடுகிறார்கள். வலி திரும்பிவிடுகிறது.

மோர்ஃபின் மூளையில் எந்த ஏற்பிகளில் ஒட்டி வலியைத் தணிக்கிறதோ, அதே ஏற்பிகள் குடல் சுவரின் நரம்புகளிலும் உள்ளன. அங்கே ஒட்டியதும் குடலின் அசைவு மந்தமாகிறது, சுரக்கும் நீர் குறைகிறது, மலம் தங்கி வறண்டுபோகிறது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் உடலுக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது. அதனால்தான் மோர்ஃபினோடு முதல் நாளே மலமிளக்கியும் எழுதித் தருகிறார்கள். அதை "தேவைப்பட்டால் பார்க்கலாம்" என்று அலமாரியில் வைக்கக் கூடாது.

அவற்றுள் முக்கியமானது சென்னா. சித்த வைத்தியத்தில் சொல்லப்படும் நிலாவாரைதான் இது. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து கப்பலேறியதால் உலகச் சந்தையில் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர் பெற்றது. இதன் வேதிப்பொருளைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகே அது குடலைத் தூண்டும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். எனவே இரவில் கொடுத்தால் காலையில் பலன் தெரியும். லாக்டுலோஸ் வேறு வகை. குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். ஓரிரு நாள் பிடிக்கும், சிலருக்கு வயிறு உப்பும்.

நார்ச்சத்து கொடுத்தால் சரியாகும் என்பார்கள் உறவினர்கள். இரண்டு துண்டு பப்பாளி பரவாயில்லை. ஆனால் நாளுக்கு நாலு மிடறு மட்டுமே குடிப்பவருக்கு இசப்கோல் கொடுத்தால், அது போதிய நீரின்றிக் குடலில் கட்டியாக அடைத்துக்கொள்ளலாம்.

பலரை ஏமாற்றுவது இன்னொன்று. பல நாள் போகாதிருந்தவருக்குத் திடீரெனத் தண்ணீராகப் போகும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்தை நிறுத்துவார்கள். உண்மையில் இறுகிய மலம் அடைத்து நிற்க, அதன் ஓரமாக நீர்மலம் கசிந்திருக்கலாம். முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பமும் சிறுநீர் அடைப்பும்கூட இதனால் வரலாம். தாதியிடம் சொன்னால் சோதித்து, தேவையானால் ஆசனவாய் மருந்தோ எனிமாவோ தருவார். ஈப்போவில் பேராக் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தின் தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

காலை உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் இயல்பாகவே அசையும். அடுத்த அரைமணி நேரத்துக்குள் உட்கார வைப்பது நல்லது. காலுக்கடியில் சின்ன முக்காலி, சாத்திய கதவு, அவசரப்படுத்தாத ஆள், இவ்வளவு போதும். மருமகளைக் கழிவறைக்குக் கூப்பிடக் கூச்சப்பட்டு, சாப்பாட்டையே குறைத்துக்கொள்ளும் பாட்டிகள் இருக்கிறார்கள். ஆகவே "வயிறு போச்சா?" என்று நாமாகக் கேட்க வேண்டும். மூன்று நாள் போகாவிட்டால் தாதிக்குத் தகவல் சொல்லுங்கள்.

வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது குடலடைப்பாக இருக்கலாம். அப்போது மலமிளக்கி கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.