கையெழுத்துப் போட்டாலும் செல்லாது!

வணிகவியலில் ஒப்பந்தச் சட்டம் என்றாலே நம்ம வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். ஆனால் 27-வது பிரிவை மட்டும் விட்டுடாதீங்க. வேலைக்குச் சேருகிற அன்றைக்கே அது நமக்குத் தேவைப்படும்.

வேலையில் சேரும்போது கம்பெனி ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடு" என்று சொல்லும். அதில் ஒரு வரி இருக்கலாம்: "வேலையை விட்டபின் இரண்டு வருடத்துக்கு இதே தொழில் செய்யும் வேறு கம்பெனியில் சேரக் கூடாது." தையல் தெரிந்தவர் தையல் வேலைக்கே போகக் கூடாது என்றால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இந்த மாதிரி நிபந்தனை செல்லாது என்று 1872-லேயே சட்டம் போட்டுவிட்டது. நம் இந்திய ஒப்பந்தச் சட்டமும் அதே 1872தான்! இரண்டு விதிகளும் ஒரே இடத்தில் பிறந்தவை. டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞர் நியூயார்க் மாநிலத்துக்காக எழுதிய வரைவுதான் மூலம். நியூயார்க் அதை ஏற்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. (கடையை விற்றவர் அதே தெருவில் போட்டிக் கடை போடக் கூடாது என்று எழுதினால் அது செல்லும். அது வேறு விஷயம்.)

1957-ல் எட்டு விஞ்ஞானிகள் ஷாக்லியின் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி ஃபேர்சைல்டு கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களில் நாய்ஸ், மூர் இருவரும் 1968-ல் அங்கிருந்தும் கிளம்பி இன்டெல்லைத் தொடங்கினார்கள். எல்லாம் கலிபோர்னியாவில்தான். சிலிகான் வேலி வளர்ந்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள்.

ஆனாலும் அங்கே பல கம்பெனிகள் அந்த வரியை எழுதிக்கொண்டேதான் இருந்தன. செல்லாது என்று தொழிலாளிக்குத் தெரிந்தால்தானே! பயந்துபோய் அங்கேயே இருப்பார். அதனால் 2024 ஜனவரி 1 முதல் புதுச் சட்டங்கள் வந்தன. வேறு மாநிலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. அதோடு, "நீங்கள் கையெழுத்திட்ட அந்த நிபந்தனை செல்லாது" என்று கம்பெனியே 2024 பிப்ரவரி 14-க்குள் தொழிலாளிக்கு எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

நம் நாட்டிலும் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு உண்டு. ஒப்பந்த காலம் முடிந்த பிறகும் முதல் வாய்ப்பைத் தனக்கே தரவேண்டும் என்று ஒரு விளம்பர நிறுவனம் கேட்டது. 27-வது பிரிவின்படி அது செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 'பாண்டு' எழுதிக் கொடுப்பதை இதோடு குழப்பிக்காதீங்க. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற ஒரு வங்கியின் நிபந்தனை செல்லும் என்று அதே நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. ஆகவே கையெழுத்துக்கு முன் படித்துப் பார்ப்பது அவசியம்.

இன்சூரன்ஸ் பாலிசியும் ஓர் ஒப்பந்தம்தானே? அதிலும் கலிபோர்னியா கை வைத்திருக்கிறது. லட்சக்கணக்கான நோயாளிகளின் கணக்கைப் பார்த்த கம்ப்யூட்டர், "இந்த நோய்க்குப் பத்து நாள் போதும்" என்று சொல்லலாம். நம் பாட்டிக்குச் சர்க்கரையும் இருக்கு, இதய நோயும் இருக்கு என்றால்? 2025 ஜனவரி 1 முதல் அமலான சட்டப்படி, செயற்கை நுண்ணறிவு உதவி செய்யலாம். ஆனால் அந்தச் சிகிச்சை தேவையில்லை என்று மறுப்பதை, உரிமம் பெற்ற மருத்துவரோ தகுதியுள்ள மருத்துவத் துறையினரோதான் செய்யவேண்டும். அதுவும் அந்த நோயாளியின் சொந்த உடல்நிலையைப் பார்த்து.

அமெரிக்காவில் 1945-ல் வந்த ஒரு சட்டப்படி இன்சூரன்ஸ் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது. நம் அரசியலமைப்பில் அது மத்தியப் பட்டியல். மருத்துவ இன்சூரன்ஸில் கேட்ட பணத்தை நிறுவனத்தின் ஆய்வுக்குழு ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்று 2024-ல் இங்கே உத்தரவு போட்டதும், ஐதராபாத்தில் உள்ள மத்திய ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.தான்.