அரிய நாட்டு நாயினங்கள்: பொறுப்பான இனவிருத்தியும் உடல்நலச் சோதனையும்

நாட்டின் கால்நடைச் செல்வம் என்றவுடன் பசு, எருமை, ஆடு, கோழி ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. நாட்டு நாயினங்களும் அச்செல்வத்தின் ஒரு பகுதியே என்பது நீண்ட காலம் உணரப்படவில்லை. 2005ஆம் ஆண்டில் அஞ்சல் துறை இமயமலை ஆட்டுக்காவல் நாய், இராம்பூர் வேட்டை நாய், முதோள் வேட்டை நாய், இராஜபாளையம் நாய் ஆகிய நான்கிற்கும் அஞ்சல் தலைகள் வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் 2019-20இல் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் ஆகிய மூன்றையும் முறையாகப் பதிவு செய்தது. நாயினங்கள் இவ்வாறு பதிவு பெற்றது அதுவே முதன்முறையாகும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் நாட்டு இனங்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார்.

இவ்வாறு கிட்டிய புகழ் வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதனுள் ஓர் இடர் மறைந்துள்ளது. தேவை பெருகும்போது குட்டிகளின் எண்ணிக்கையை விரைந்து பெருக்கும் எண்ணம் எழுகிறது. எண்ணிக்கை உயர்ந்தும் இனம் நலியக் கூடும் என்பதே இங்குக் கருதத்தக்க செய்தி.

அருகியதன் காரணங்கள்

இவ்வினங்களுள் பல வேட்டைக்கெனப் பேணப்பட்டவை. குறுநில மன்னர்களும் நிலக்கிழார்களும் அவற்றைப் புரந்தனர். முதோள் அரசர் மாலோஜிராவ் கோர்ப்படே தம் சமஸ்தானத்தின் பெயர் பெற்ற இனத்தைப் பேணிப் பெருக்கியவர் ஆவார். சமஸ்தானங்கள் மறைந்தன, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டையும் நின்றது. நாயின் தொழில் போயிற்று. அதனைப் போற்றுவோரும் குறைந்தனர். அயல்நாட்டு இனங்களின் மீது எழுந்த மோகமும் கட்டுப்பாடற்ற கலப்பும் தூய வழியினவற்றை மேலும் சுருக்கின.

எண்ணிக்கையும் மரபு வளமும்

சிறு கூட்டத்தில் உறவுவழிக் கலப்பு எளிதில் நேர்கிறது. தந்தைக்கும் மகளுக்கும், அல்லது உடன்பிறந்தவைகளுக்கும் இடையே கலப்பு நிகழ்ந்தால் பிறக்கும் குட்டியின் உறவுக்கலப்புக் கெழு 25 விழுக்காடு ஆகும். பெற்றோருள் ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்புகளுக்கு 12.5 விழுக்காடு, பெற்றோரின் உடன்பிறந்தாரின் மக்களுக்கு இடையே 6.25 விழுக்காடு. இக்கெழு உயர உயர, மறைந்திருக்கும் தீய மரபணுக்கள் இணைசேர்ந்து நோயாக வெளிப்படும் வாய்ப்பும் உயர்கிறது.

இதில் ஆண் நாய்களின் எண்ணிக்கை சிறப்பிடம் பெறுகிறது. ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதனை மீண்டும் நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கூட்டத்தின் பயனுறு எண்ணிக்கை கிடைக்கும். ஒரு வட்டாரத்தில் 50 பெண் நாய்களும், பரிசு பெற்ற 2 ஆண் நாய்களும் மட்டும் இனவிருத்தியில் ஈடுபடுவதாகக் கொள்வோம். பயனுறு எண்ணிக்கை 7.7 மட்டுமே, தலைமுறைதோறும் உறவுக்கலப்பு ஏறத்தாழ 6.5 விழுக்காடு ஏறும். அதே 50 பெண் நாய்களுக்கு 17 ஆண் நாய்கள் இருப்பின் பயனுறு எண்ணிக்கை 50ஐத் தாண்டும். ஏற்றமும் 1 விழுக்காட்டளவில் நிற்கும். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் குறைந்த அளவாகக் கொள்ளும் எண்ணும் ஐம்பதே. சிறந்த ஒரு நாயையே அனைவரும் நாடுவது இனத்திற்கு நன்மையன்று என்பது இதனால் விளங்கும்.

நார்வே நாட்டின் லுண்டஹுண்டு இனம் இதற்கொரு பாடம். டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய்க்கு இரையாகி, 1960களில் ஆறு நாய்களே எஞ்சின. அவற்றிலிருந்து இனம் மீட்கப்பட்டது. எனினும் வழித்தோன்றல்களைக் குடல் நோய் விடாது தொடர்கிறது.

வெண்மையின் விலை

இராஜபாளையம் நாயில் பால்வெண்மை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் பெரிதும் விரும்பப்படுகின்றன. இவ்வினத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் காணப்படுகிறது. இரண்டிற்கும் தொடர்பு உண்டு. தோலுக்கு நிறமளிக்கும் நிறமி உயிரணுக்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். அவை அங்கு இல்லையேல் உட்செவியின் குருதியோட்டம் குன்றி, பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியுணரும் உயிரணுக்கள் மடிகின்றன. அவை மீண்டும் தோன்றுவதில்லை.

வெண்ணிற டால்மேஷன் இனத்தில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்க ஆய்வுகளில் ஏறத்தாழ 8 விழுக்காட்டு நாய்களுக்கு இரு செவிகளும், 22 விழுக்காட்டிற்கு ஒரு செவியும் கேட்கவில்லை. ஒரு செவி மட்டும் கேளாத நாய் இயல்பாகவே நடந்துகொள்ளும். அதன் குறையை உரிமையாளர் அறியார். ஆனால் அத்தகைய பெற்றோரின் குட்டிகளிடையே செவிட்டுத்தன்மை மிகுதி.

கைதட்டிப் பார்க்கும் வழக்கம் இங்குப் போதாது. தரையின் அதிர்வையோ உடனிருக்கும் குட்டிகளின் அசைவையோ கண்டும் செவிட்டுக் குட்டி திரும்பிப் பார்க்கும். மூளைத்தண்டுச் செவித்திறன் சோதனையே நம்பத்தக்கது. தலைத்தோலில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு செவியிலும் தனித்தனியே ஒலி செலுத்தி, நரம்பில் எழும் மின்துடிப்பைக் கருவி பதிவு செய்கிறது. ஐந்து வாரம் நிறைந்த குட்டிக்கு இதனைச் செய்யலாம்.

இனவிருத்திக்கு முன் செய்யத்தக்க சோதனைகள்

செவித்திறனோடு வேறு சில சோதனைகளும் இன்றியமையாதவை. இடுப்பு மூட்டின் அமைப்பை எக்ஸ்-கதிர்ப் படத்தாலும், கண்களையும் இதயத்தையும் மருத்துவர் பரிசோதனையாலும் அறியலாம். கருச்சிதைவை உண்டாக்குவதும் மனிதருக்கும் தொற்றக் கூடியதுமான புரூசெல்லா நோய்க்கு ஆண், பெண் இரண்டிற்கும் குருதிச் சோதனை தேவை. டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றிற்கான தடுப்பூசிகள் தவறலாகாது.

சோதனையின் முடிவைப் பயன்படுத்துவதிலும் நிதானம் வேண்டும். ஒடுங்கு மரபணு நோயொன்றைச் சுமக்கும் இரு நாய்களைச் சேர்த்தால் குட்டிகளில் நான்கில் ஒன்று நோயுறும் வாய்ப்புண்டு. சுமக்கும் நாயை நோயற்ற மரபுடைய நாயுடன் சேர்த்தால் பாதிக் குட்டிகள் சுமப்பவையாகலாம், எதுவும் நோயுறாது. எனவே அரிய இனத்தில் சுமக்கும் நாய்களையெல்லாம் ஒரே தலைமுறையில் ஒதுக்கினால், அவற்றோடு நல்ல மரபணுக்களும் ஒழியும். தக்க இணையைத் தெரிந்து படிப்படியாகக் குறைப்பதே அறிவுடைமை. மரபணுச் சோதனை இல்லாத செவிட்டுத்தன்மை போன்ற குறைகளில் இரு செவியும் கேட்கும் நாய்களையே தெரிந்தெடுக்க வேண்டும்.

சட்டமும் நிறுவனங்களும்

2017ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி மற்றும் விற்பனை விதிகள் தெளிவான வரம்புகளை வகுத்துள்ளன. வளர்ப்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பெண் நாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். எட்டு வயதைக் கடந்திருத்தல் கூடாது. ஆண்டிற்கு ஓர் ஈற்றுக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்கலாகாது. மைக்ரோசிப் பொருத்தி அடையாளப்படுத்துவதும் விதிக்கப்பட்டுள்ளது.

கர்நாடகத்தில் முதோளுக்கு அருகிலுள்ள திம்மாப்பூரில், மாநிலக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாயின ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது. இத்தகைய மையங்கள் குட்டிகளை வழங்குவதோடு நில்லாமல், வம்சாவளிப் பதிவேட்டைப் பேணுதல், ஆண் நாய்களைச் சுழற்சி முறையில் ஊர்தோறும் அளித்தல், செவித்திறன் கருவியை வளர்ப்போரின் எட்டும் தொலைவிற்குக் கொணர்தல் ஆகியவற்றையும் மேற்கொண்டால் பெரும்பயன் விளையும். சிற்றூரில் ஓரிரு நாய்களை வளர்ப்பவருக்குச் சோதனைச் செலவு சுமையாகும். அதனைப் பகிர்ந்துகொள்ளாமல் விதிகளை மட்டும் வலியுறுத்தினால் பதிவேடுகளே நிரம்பும்.

குட்டி வாங்குவோருக்கும் கடமை உண்டு. நிறத்தையும் பரிசுக் கோப்பையையும் கேட்பதற்கு முன், தாய் தந்தையரின் சோதனைச் சான்றைக் கேட்டல் வேண்டும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் வளர்ப்போர் செய்யத் தொடங்குவர். தலைமுறை பலவாக நம் காடு கழனிகளைக் காத்த இனம், நலமுள்ள குட்டிகளாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லுதல் வேண்டும்.