எண்ணிக்கையை வெல்லும் வில்லாளர்கள்

கேள்வி: சிவிலைசேஷன் 5 விளையாட்டின் கடினமான நிலைகளில் கணினியின் படை என்னுடையதைவிட எப்போதும் பெரிதாக இருக்கிறது. சிறிய படையை வைத்து எப்படிச் சமாளிப்பது?

பதில்: நிலை ஏற ஏறக் கணினிக்குக் கூடுவது புத்தி அல்ல, சலுகைகள். ஆகவே எண்ணிக்கையில் அதோடு போட்டி போடுவது வீண்.

2010-இல் வந்த இந்த விளையாட்டில் ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்கலாம். நான்காம் பாகத்தைப் போல அடுக்கி வைக்க முடியாது. இடமறிந்து அணிவகுப்பதில்தான் கணினி தடுமாறுகிறது. வில்லாளர்கள் இரண்டு கட்டம் தள்ளி நின்று அடிப்பார்கள். அடிக்கும்போது பதிலடி விழாது. இரண்டு ஈட்டிப்படைகளைக் குன்றிலோ காட்டிலோ நிறுத்தி, பின்னால் நான்கு வில்படைகளை வையுங்கள். அந்த நிலமே தற்காப்பில் 25 சதவீதம் கூட்டித் தரும். கணினியின் படைகள் பெரும்பாலும் துண்டு துண்டாகவே வந்து மோதும். எல்லா வில்லும் ஒரே இலக்கை அடித்து வீழ்த்திய பிறகே அடுத்ததற்குத் திரும்ப வேண்டும்.

காயம்பட்ட படையைப் பலிகொடுக்காதீர்கள். பின்னுக்கு இழுத்து ஆற்றினால், அது சேர்த்த அனுபவமும் பதவி உயர்வுகளும் நிலைக்கும்.

நகர முற்றுகையில் மட்டும் கவனம் தேவை. நகரமும் இரண்டு கட்டம் வரை தாக்கும். அதன் வலிமையை வில்லாளர்கள் முழுவதும் கரைத்தாலும் உள்ளே நுழைய அவர்களால் முடியாது. அதற்கென ஒரு குதிரைப்படையைக் காயமின்றி ஒதுக்கி வையுங்கள்.