துடிப்பது பெடல், பழி மட்டும் டிஸ்க் மேல்

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கடல். மறுபக்கம், துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள். முன்னால் போன டிரெய்லர் சட்டென்று வேகத்தைக் குறைக்க, நானும் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் பெடல் துடித்தது, ஸ்டியரிங் கையில் ஆடியது. பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார்: "வண்டிக்கு என்னப்பா, குளிர்காய்ச்சலா?"

அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காய்ச்சலுக்கு ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: டிராஃபிக்கில் மிதித்து மிதித்துச் சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது.

உண்மை: ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஊர்ந்து போகும் வண்டியில் அவ்வளவு சூடு பிறக்காது. பிரேக் விழுங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே ஒருமுறை நிறுத்துவதும், 20-லிருந்து பதினாறு முறை நிறுத்துவதும் டிஸ்குக்கு ஒன்றுதான். ஏற்காடு மலையிறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்து வந்தவர் சூட்டைக் குறை சொல்லலாம். அங்கும் பெரும்பாலும் நடப்பது வேறு: டிஸ்க் கொதிக்கும்போது, மிதித்த காலை எடுக்காமல் வண்டியை நிறுத்தி வைத்தால், டிஸ்கைக் கவ்வும் பேடின் பொருள் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

பெடல் துடிக்க முக்கியக் காரணம், டிஸ்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாததுதான். தடித்த இடம், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபருக்குள் வரும்போது பேடைப் பின்னுக்குத் தள்ளும். பேட் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ள, அது உங்கள் காலை உதைக்கும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே காலுக்குத் தெரிந்துவிடும். ஜெராக்ஸ் தாளின் தடிமனில் இது ஐந்தில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நம்பிக்கை: ஏபிஎஸ் வண்டி என்றால் பெடல் துடிக்கத்தான் செய்யும்.

உண்மை: 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதனால் இந்தக் குழப்பமும் பரவலாகிவிட்டது. ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் 'கடகட'வென்று வேகமாக உதைக்கும். ஆனால் அது ஓங்கி மிதித்தோ, மணலிலோ ஈரத்திலோ மிதித்தோ, சக்கரம் வழுக்கும்போது மட்டுமே நடக்க வேண்டும். அப்போது காலை எடுக்கக் கூடாது. மெதுவாக மிதித்தாலே துடித்து, வண்டி வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவானால், டிஸ்க் பக்கம் பாருங்கள். நிற்பதற்குச் சற்று முன்பு மட்டும் காரணமே இல்லாமல் ஏபிஎஸ் உதைத்தால், சக்கரவேக சென்சார் அருகே துரு சேர்ந்திருக்கலாம். கடலோர வண்டிகளுக்கு இது எளிதில் வரக்கூடிய கோளாறு.

நம்பிக்கை: பேலன்சிங், அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடும்.

உண்மை: பிரேக் மிதிக்காமலே 80-இல் ஆடினால் பேலன்சிங் பார்க்கலாம். மிதித்தால் மட்டும் ஆடினால் அந்தச் செலவு வீண். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம். சீட் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரத்தையும், அதில் டிரம் இருந்தால் அதன் வட்டம் கெட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: புது டிஸ்க் போட்டால் கதை முடிந்தது.

உண்மை: பல சமயம் கதை அங்கேதான் மறுபடி தொடங்குகிறது. என் வண்டியில் ஏற்கெனவே ஒருமுறை புது டிஸ்க் போட்டு, சில மாதங்கள் சுகமாக ஓடி, துடிப்பு திரும்பி வந்திருந்தது. திருவொற்றியூரில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் டிஸ்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பின் முகத்தை விரலால் தடவிக் காட்டினார். அப்பளம்போல் துரு உதிர்ந்தது. "கடல் காத்து, மீன் வண்டி சிந்துற உப்புத் தண்ணி. துரு மேலயே டிஸ்கை உக்கார வெச்சா அது எப்படி சார் நேரா ஓடும்?" என்றார்.

துருவின் மேல் உட்கார்ந்த டிஸ்க் இம்மியளவு கோணலாகச் சுற்றும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிரேக் மிதிக்காதபோதும் அதன் மேடு ஒவ்வொரு சுற்றிலும் பேடை ஒருமுறை உரசும். உரசிய இடம் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் தடிமன் மாறி, துடிப்பு தொடங்கும். தப்பு நடந்த நாளை அதற்குள் மறந்திருப்போம். பழியை டிஸ்க் மேல் போடுவோம்.

வீல் நட்டும் இதே வேலையைச் செய்யும். பஞ்சர் கடையில் ஏர்கன்னால் ஒன்றை இறுக்கமாகவும் இன்னொன்றைத் தளர்வாகவும் முடுக்கினால் டிஸ்க் கோணும். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும்.

நம்பிக்கை: லேத்தில் கொடுத்துக் கடைந்தால் டிஸ்க் வீண்.

உண்மை: டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். கடைந்த பிறகும் அதற்குமேல் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். ஹப் துருவைச் சுரண்டாமல் கடைந்த டிஸ்கை மாட்டினால் மட்டும் கடைந்த காசு வீண்.

பெரியவர் துருவை எமரி தாளால் தேய்த்து, டிஸ்கைக் கடைந்து வாங்கி மாட்டினார். காந்தக் காலில் நின்ற டயல் கேஜின் முனையை டிஸ்கில் தொடவைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். முதலில் சுற்றியபோது ஊசலாடிய முள், இப்போது 0.03 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. பல வண்டிகளுக்கு 0.05 வரை பரவாயில்லை. உங்கள் வண்டியின் அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

ஆகவே, "டிஸ்க் போச்சு" என்று யார் சொன்னாலும், "எத்தனை புள்ளி ஆடுது?" என்று திருப்பிக் கேளுங்கள். பதிலுக்கு டயல் கேஜை எடுப்பவரிடம் சாவியைக் கொடுக்கலாம். ஒன்று மட்டும்: கரகரவென்று சத்தம் வந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் உள்ளே இறங்கினாலோ கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் வண்டியை அங்கேயே ஓரங்கட்டுங்கள்.