என்ஜினுக்கும் ஒரு குக்கர் மூடி

தங்கவயல்காரர்களுக்கு வெப்பத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. குளிர்காற்று அனுப்பித்தான் அங்கு வேலை நடந்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று கார் என்ஜினின் வேகத்தைக் கூட்ட ஆசைப்படும் நம் இளைஞர்கள், முதலில் அதைக் குளிர்விக்கும் வழியை அறிய வேண்டும்.

நம் ஊர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதிக்கும். இதற்கு மாற்று நம் சமையலறையிலேயே இருக்கிறது. பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. ரேடியேட்டர் மூடியும் இதைத்தான் செய்கிறது.

ஆனால் அழுத்தம் மட்டும் போதாது. என்ஜின் தலைப்பகுதியில் காற்றுக் குமிழி தங்கினால் அந்த இடத்தைத் தண்ணீர் தொடாது. அங்கே சூடேறி, ஹெட் கேஸ்கெட் போய்விடும். பம்புக்குள் காற்று புகுந்தால் தண்ணீர் ஓட்டமே குறையும். காற்றைப் பிரித்தெடுக்கும் தொட்டிதான் 'சர்ஜ் டேங்க்'. அழுத்தமில்லாத சாதாரண ஓவர்ஃப்ளோ பாட்டில் வேறு, இது வேறு.

பொருத்தும் முறை:

1. தொட்டி, என்ஜினையும் ரேடியேட்டரையும் விட உயரத்தில் இருக்க வேண்டும். காற்று மேலே செல்வது இயற்கை.

2. என்ஜின் தலைப்பகுதியின் உச்சியிலிருந்தும் ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் மெல்லிய குழாய்கள் தொட்டியின் மேற்பகுதிக்கு வர வேண்டும். இவை தடித்திருந்தால், சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இந்த வழியாகவே சுற்றிவிடும்.

3. தொட்டியின் அடியிலிருந்து தடித்த குழாய் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் சேர வேண்டும்.

4. அழுத்த மூடி தொட்டியில் மட்டும் இருக்கட்டும். ரேடியேட்டரில் வால்வு இல்லாத மூடி போதும்.

5. தொட்டியை நிரப்பிவிடாதீர்கள். 10 லிட்டர் கூலண்ட் சூடேறினால் ஏறக்குறைய அரை லிட்டர் விரியும். அதற்கு மேலே காற்றிடம் வேண்டும்.

நிரப்பும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். என்ஜினை ஓட்டி, முழுதும் ஆறவிட்டு, குறைந்ததை ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆவி அடங்காத குக்கரை நம் தாய்மார்கள் திறக்கமாட்டார்கள். சூடான என்ஜின் மூடிக்கும் அதே விதிதான். திறந்த நொடியில் கொதிநீர் முகத்தில் பாயும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை பொறுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.